டிஸ்மிஸ் ஆர்டருக்குப் பிறகு... மலைப்பாதை டிரைவரின் அப்பீலை எப்படிக் கேட்க வேண்டும்?

வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் பேச்சுச் சத்தம் கொஞ்சம் குறையும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் வேனுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது, ஜன்னலோரம் இருப்பவர்கள் தன்னையறியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அத்தனை பேரின் உயிரும் டிரைவர் ஒருவர் கையில்.

அதனால்தான், மலைப்பாதையில் ஒரு டிரைவர் செல்போனும் கையுமாக ஓட்டுகிற வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் நமக்குக் கோபம் பொங்குகிறது. 'உடனே வேலையைவிட்டுத் தூக்குங்க' என்று கமென்ட் குவிகிறது. அந்தக் கோபத்தில் தப்பில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டும்போது கையில் போன் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டப்படி ஆபத்தான முறையில் ஓட்டுகிற குற்றம். ஆனால், டிஸ்மிஸ் ஆன அந்த டிரைவர் 'நான் அப்பீல் செய்கிறேன்' என்று ஒரு மனு கொடுத்தால், அதைக் கேட்கிற அதிகாரி என்ன செய்ய வேண்டும்? இதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொள்வோம். டிரைவருக்கு 18 வருட சர்வீஸ். கொடைக்கானலில் இருந்து பழனிக்கு இறங்கும்போது ஒரு வளைவில் பஸ் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை, நான்கு பயணிகளுக்குக் காயம். 'போன் பேசிக்கொண்டே அதிவேகமாக ஓட்டினார்' என்று சார்ஜ் மெமோ. சஸ்பென்ஷன். பிறகு துறை விசாரணை, அறிக்கை, டிஸ்மிஸ். டிரைவர் சொல்வது வேறு: "போன் பாக்கெட்டில்தான் இருந்தது. பிரேக் சரியில்லை என்று முதல் நாளே டெப்போவில் சொன்னேன்."

இப்போது அப்பீல் மனு ஒரு மேஜைக்கு வருகிறது.

முதல் கேள்வி: அந்த மேஜை யாருடையது?

டிஸ்மிஸ் ஆர்டரில் கையெழுத்துப் போட்டவரே அப்பீலையும் கேட்டால் அது அப்பீல் இல்லை. விசாரணை நடத்தியவர், அறிக்கை எழுதியவர், விபத்து நடந்த அன்று சம்பவ இடத்துக்குப் போய் 'இவன்மேலதான் தப்பு' என்று சொன்னவர் ஆகியோரும் ஒதுங்கியிருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-வது உடன்படிக்கை (1982), வேலைநீக்கத்தை எதிர்த்துப் பாரபட்சமற்ற ஓர் அமைப்பிடம் முறையிடும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்கிறது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. ஆனாலும் 'தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது' என்பது நம் நீதிமன்றங்களில் பழைய விதிதான். அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்ற பெரிய நிறுவனங்களில் மேலே ஓர் அதிகாரி இருப்பதால் இது சுலபம். பத்துப் பேர் வேலை செய்யும் ரிசார்ட்டில் முதலாளிதான் எல்லாமே. அங்கே, சம்பவத்தில் தொடர்பில்லாத இன்னொரு பங்குதாரரோ வெளியாள் ஒருவரோ கேட்பது நல்லது.

சரி, கேட்பவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? இதற்கு நல்ல வழிகாட்டி, மலையடிவாரத்தில் கொடை ரோடு ஸ்டேஷன் வழியாக ஓடுகிற ரயில்வேயிடம் இருக்கிறது. ரயில்வே ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை மற்றும் மேல்முறையீட்டு விதிகள், 1968-ல் வந்தவை. ரயில்கள் மோதும் அளவுக்குத் தவறு செய்தவருக்குப் பொதுவாக வேலைநீக்கம்தான் என்று அந்த விதிகளே சொல்கின்றன. அவ்வளவு கறாரான விதிகளிலும் அப்பீலுக்கு 45 நாள் அவகாசம் உண்டு. கேட்கும் அதிகாரி மூன்று விஷயங்களைப் பார்த்தாக வேண்டும்: நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதா, முடிவுக்கு ஃபைலில் ஆதாரம் இருக்கிறதா, தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமானதா.

இந்த விதியைப் பெயருக்குப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இருக்கிறது. காசியாபாத் லோகோ ஷெட்டில் ஷன்ட்டராக வேலை பார்த்தவர், மேலதிகாரியைத் தாக்கினார் என்ற குற்றச்சாட்டில் நீக்கப்பட்டார். அப்பீல் செய்தார். 'ஆதாரம் இருக்கிறது, தண்டனை சரி' என்று விதியில் உள்ள வார்த்தைகளையே திருப்பி எழுதி, சில வரிகளில் தள்ளுபடி செய்தது ரயில்வே. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்பீல் செய்பவரை நேரில் கேட்க வேண்டும், அவர் எழுப்பிய ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் காரணத்தோடு பதில் எழுத வேண்டும் என்று சொல்லி, அப்பீலை மறுபடியும் கேட்க உத்தரவிட்டது.

'தங்கள் மேல்முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது' என்ற ஒற்றை வரிக் கடிதங்கள் இன்றைக்கும் போகின்றன. கவனமாகப் பரிசீலித்ததாக எழுதிவிட்டால் பரிசீலித்ததாகிவிடும் என்று நினைக்கிற ஆபீஸ்கள் நிறைய!

பயணிகள் சாட்சி சொல்ல வரவில்லையே?

நம் கற்பனை டிரைவரின் மனுவில் முதல் வாதம் இதுவாகத்தான் இருக்கும். "பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தாங்க. ஒருத்தரைக்கூட விசாரணைக்குக் கூப்பிடலை."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் மட்டும் கைகொடுக்காது. தமிழ்நாட்டின் சோழன் ரோடுவேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 டிசம்பரில் கொடுத்த தீர்ப்பு இந்த விஷயத்தில் முக்கியமானது. உயிர்ப்பலி ஏற்பட்ட ஒரு விபத்துக்காக அரசு பஸ் டிரைவர் ஒருவர் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். அந்த நீக்கத்துக்கு ஒப்புதல் தரத் தொழிலாளர் துறை அதிகாரி மறுத்தார். உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. சில விபத்துகளில் நடந்த விதமே அலட்சியத்தைக் காட்டிக்கொடுக்கும், அப்போது விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு டிரைவருடையது என்றது. துறை விசாரணைக்கு கிரிமினல் கோர்ட் அளவுக்கு ஆதாரம் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

'கோர்ட்டில் விடுதலை ஆகிட்டேன், அதனால வேலை தானா வந்துடும்' என்று பல டிரைவர்கள் நம்புவதற்கும் இதுதான் பதில். கிரிமினல் வழக்கில் சந்தேகத்தின் பலன் கிடைக்கலாம். துறை நடவடிக்கையின் அளவுகோல் வேறு. விடுதலைத் தீர்ப்பை அப்பீலில் இணைக்கலாம், இணைக்கவும் வேண்டும். அதுவே எல்லாம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

அதேசமயம், 'சுவரில் மோதியிருக்கு, அவ்வளவுதான்' என்று அதிகாரியும் ஃபைலை மூடிவிட முடியாது. விளக்கம் சொல்ல வேண்டியவர் டிரைவர் என்றால், அவர் சொன்ன விளக்கத்தைச் சரிபார்க்க வேண்டியவர் அதிகாரி. பிரேக் பற்றிச் சொன்னாரா? அப்படியானால் டெப்போவில் பழுது எழுதும் புத்தகத்தின் அந்த வாரப் பக்கங்கள் வேண்டும். விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துக் கொடுத்த அறிக்கை வேண்டும். போன் விஷயமா? அந்த நேரத்தில் அழைப்பு இருந்ததா என்று கால் விவரங்கள் காட்டிவிடும். வீடியோ என்றால் எடுத்தது யார், எந்தத் தேதி, எந்த இடம்? வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பழைய வீடியோ ஒன்று வேறொரு டிரைவரின் தலையில் விழுவது நடக்காத காரியமா என்ன?

இந்த ஆவணங்கள் எல்லாம் நிர்வாகத்தின் அலமாரியில்தான் இருக்கும். விசாரணையின்போது டிரைவர் கேட்டும் அவை தரப்படவில்லை என்றால், அப்பீல் அதிகாரி அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். முதல் விசாரணையின் ஓட்டையை அடைக்கக் கிடைக்கும் கடைசி உள்வாய்ப்பு அதுதான். அங்கே அடைக்காவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்தில் அது பெரிய பள்ளமாகிவிடும்.

நிர்வாகம் தன் பங்கைச் செய்ததா?

'பாதுகாப்பு விதியை மீறினார்' என்ற வார்த்தைகளைக் கேட்டதும் எல்லார் கண்ணும் தொழிலாளி பக்கம் திரும்புகிறது. சட்டம் அப்படி ஒருபக்கமாகப் பார்க்கவில்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளிக்கு, பாதுகாப்புச் சாதனங்களில் வேண்டுமென்றே கைவைக்கக் கூடாது, தன்னையும் பிறரையும் ஆபத்தில் தள்ளக் கூடாது என்று கடமை விதித்தது. போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பிறகு 1987-ல் வந்த திருத்தம், பாதுகாப்பான இயந்திரம், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றைத் தருவது நிர்வாகத்தின் பொதுக் கடமை என்று தெளிவாக எழுதியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருபக்கக் கடமையும் தொடர்கிறது.

கொடைக்கானலுக்கு இது புதிய பாடம் அல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் இருந்து 1980-களில் இங்கே கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தங்கள் உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேலையால் உடல்நலப் பாதிப்பு ஏற்படவில்லை என்றே நிறுவனம் கடைசிவரை சொன்னது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் சமரச ஒப்பந்தம் ஏற்பட்டது.

அந்தத் தொழிலாளர்கள் யாரும் பாதுகாப்பு விதியை மீறியதாக டிஸ்மிஸ் ஆனவர்கள் இல்லை. வேலையிடப் பாதுகாப்பு என்றால் தொழிலாளியின் கையுறை, முகக்கவசம் மட்டும்தானா என்ற கேள்வியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஒரு பாதுகாப்பு அப்பீலைக் கேட்கும் அதிகாரியும் அதே கேள்வியைத் தன் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

நம் டிரைவர் விஷயத்தில் அது எப்படி இருக்கும்? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. விபத்து நடந்த அன்று அவர் எத்தனையாவது மணி நேரத்தில் இருந்தார்? முந்தைய டூட்டி எப்போது முடிந்தது? சீசன் நேரத்தில் ஆள் இல்லாமல் டபுள் டூட்டி பார்க்கச் சொன்னார்களா? மலைப்பாதைக்கு என்று பயிற்சி கொடுத்தார்களா, இல்லை மதுரையிலும் திண்டுக்கல்லிலும் டவுன் பஸ் ஓட்டியவரை நேராக மேலே அனுப்பிவிட்டார்களா? இதே தவறைச் செய்த இன்னொருவருக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், இவருக்கு மட்டும் டிஸ்மிஸ் என்றால் ஏன்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் டிரைவருக்கு எதிராகவும் வரலாம். பிரேக் நன்றாக இருந்தது, டூட்டி ஐந்தாவது மணி நேரம்தான், போனில் நான்கு நிமிடம் பேசியிருக்கிறார், இதற்குமுன் இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியிருக்கிறார் என்றால் அப்பீலைத் தள்ளுபடி செய்வதில் தயங்க வேண்டியதில்லை. அவரைத் திரும்ப அதே ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தால், அடுத்த பஸ்ஸில் போகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? காரணங்களைத் தெளிவாக எழுதித் தள்ளுபடி செய்தால், அந்த உத்தரவு மேலே எங்கே போனாலும் நிற்கும்.

பல ஃபைல்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். தவறு உண்டு, ஆனால் பழுதான வண்டியும் உண்டு. அப்போது டிஸ்மிஸுக்கும் மன்னிப்புக்கும் இடையே நிறைய படிகள் இருக்கின்றன. ஊதிய உயர்வை நிறுத்தலாம். பழைய சம்பள பாக்கி இல்லாமல் வேலையில் சேர்க்கலாம். மறுபயிற்சி முடித்து, கொஞ்ச காலம் சமவெளி ரூட்டில் மட்டும் ஓட்டச் சொல்லலாம். தொழில் தாவா சட்டத்தில் 1971-ல் சேர்க்கப்பட்ட பிரிவு 11-ஏ, தண்டனை அதிகம் என்று தோன்றினால் அதைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. புதிய தொகுப்பிலும் அந்த அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. நீதிமன்றம் ஐந்து வருடம் கழித்துச் செய்யப்போவதை, அப்பீல் அதிகாரி ஐந்து வாரத்தில் செய்ய முடியும்.

அப்பீல் எழுதுபவருக்கு...

'ஐயா, எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், கருணை காட்டுங்கள்' என்று மட்டும் எழுதப்படும் மனுக்கள்தான் அதிகம். குடும்ப நிலையைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அது கடைசிப் பத்தியாக இருக்கட்டும். முதலில் தேதிகள்: சார்ஜ் மெமோ எப்போது கிடைத்தது, விளக்கம் எப்போது கொடுக்கப்பட்டது, எந்த ஆவணம் கேட்டு மறுக்கப்பட்டது, எந்த சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை. பிறகு அறிக்கையில் எந்த வரி தவறு, ஏன் தவறு. அதன்பிறகு தண்டனை ஏன் அதிகம்: சர்வீஸ் வருடங்கள், விபத்தில்லா ஓட்டத்துக்குக் கிடைத்த பாராட்டு, ஒரே தவறுக்கு மற்றவர்களுக்குக் கிடைத்த தண்டனை. தவறில் ஒரு பகுதி உண்மை என்றால் அதை ஒப்புக்கொண்டு எழுதுவது நல்லது. எல்லாவற்றையும் மறுத்த மனுவில் ஒரு பொய் வெளிப்பட்டால் மீதி உண்மையும் நம்பப்படாது.

சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்பூதியம் வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, அதற்குமேல் தாமதத்துக்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் 75 சதவிகிதம் என்பது விதி. கோலார் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சஸ்பென்ஷனில் கேரளாவில் உள்ள சொந்த ஊரில் இருந்தார். பிழைப்பூதியம் தரப்படாததால் விசாரணைக்குப் போகப் பணமில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து நீக்கப்பட்டார். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒவ்வொரு விசாரணைக்கும் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்கி வர வேண்டிய ஒருவருக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகவே புரியும்.

போக்குவரத்துக் கழகம் போன்ற இடங்களில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சம்பள ஒப்பந்தம் போன்ற ஏதாவது தாவா சமரச அதிகாரி முன் நிலுவையில் இருக்கும்போது ஒரு தொழிலாளியை டிஸ்மிஸ் செய்தால், ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்த அதிகாரியிடம் நிர்வாகம் ஒப்புதல் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலோ, கேட்டுக் கிடைக்காவிட்டாலோ டிஸ்மிஸ் செல்லாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. யூனியன்காரர்கள் முதலில் தேடுவது இதைத்தான். சோழன் ரோடுவேஸ் வழக்கும் இந்த ஒப்புதலில்தான் தொடங்கியது.

சாக்லேட் கடையிலோ, பழமுதிர் கடையிலோ வேலை பார்ப்பவருக்கு யூனியன் இருக்காது. கேஸ் அடுப்பை அணைக்காமல் போனார் என்று நின்ற இடத்தில் 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்லிவிடுவார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று நோட்டீஸ் இல்லாமல் அனுப்பினால், அதற்கு விசாரணையில் பதிவான ஆதாரம் இருக்க வேண்டும். இதை எதிர்த்து 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

தொழிற்சாலை, போக்குவரத்துத் தொழிலாளர்கள் சமரச அதிகாரியிடம் தாவா எழுப்பலாம். அதற்குப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு இருந்த அவகாசம், புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. நிறுவனத்துக்குள் கொடுத்த அப்பீலுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்கும்போதும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் டிஸ்மிஸ் ஆர்டர் வந்த கவரைத் தூக்கிப்போடாமல், தபால் முத்திரைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். அப்பீல் மனுவை நேரில் கொடுத்தால் நகலில் சீல் போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே டெலிவரி சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.